பழைய உடுப்பில் பிறந்த கால்மிதி: நியூபவுண்ட்லாந்துப் பெண்களின் கதை



பெருநாள் முடிந்த கையோடு எல்லா வீட்டிலும் அலுமாரி துப்புரவாகும். பழைய சாரன், நிறம் போன சட்டை, பிள்ளைக்குப் பத்தாத கவுன் எல்லாம் ஒரு பேக்கில் கட்டி மூலையில் கிடக்கும். அந்த பேக்கைப் பார்த்தால் எனக்கு ஒரு தூரதேசத்துக் கடற்கரையின் கதை ஞாபகம் வரும். ஊர் தூரம்தான். ஆனால் கடலை நம்பி வாழும் எங்கள் ஆட்களுக்கு அது புதிய கதை இல்லை.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. அதற்கு வடக்கே லாப்ரடோர் என்ற குளிர்ப் பிரதேசம். 1949இல்தான் இவை கனடாவோடு சேர்ந்தன. அங்கே கோடையில் கொட் மீன் பிடிப்பார்கள். குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும். தொழில் தொடங்கும்போது உப்பு, மா, வலை எல்லாவற்றையும் முதலாளி கடனுக்குக் கொடுப்பார். தொழில் முடிந்ததும் காயவைத்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். சாமானுக்கும் அவர்தான் விலை சொல்வார், மீனுக்கும் அவர்தான் விலை சொல்வார். பல குடும்பங்கள் வருஷம் முழுக்க உழைத்தும் காசைக் கண்ணால் கண்டதில்லை. கொப்பியில் கடன்தான் மிஞ்சும்.

இப்படிப்பட்ட வீட்டில் எதையும் வீசமாட்டார்கள். உடுத்தித் தேய்ந்த உடுப்பைப் பிள்ளைக்குச் சிறிதாக்கித் தைப்பார்கள். அதுவும் கிழிந்தால் கால்மிதியாக்குவார்கள். குளிரில் பலகைத் தரையில் கால் வைக்க முடியாதே! பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மீன் வேலை இல்லாதபோது பெண்கள் இதற்கென்றே அமர்வார்கள்.

செய்முறை எளிது. பழைய சாக்கின் தையலைப் பிரித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். உடுப்பை ஒடுங்கிய பட்டிகளாக வெட்டுவார்கள். ஆணி ஒன்றின் நுனியைக் கொக்கி போல வளைத்து மரப்பிடியில் ஏற்றினால் கருவி தயார். ஒரு கை பட்டியைச் சாக்குக்குக் கீழே பிடிக்கும். மற்றக் கை மேலிருந்து கொக்கியைத் துளைக்குள் விட்டு, பட்டியைச் சிறு வளையமாக மேலே இழுக்கும். முடிச்சு இல்லை, பசை இல்லை. வளையங்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அந்தச் சாக்கு எங்கிருந்து போனது என்று யோசித்துப் பாருங்கள். சாக்கு நெய்யும் சணல் விளைந்தது வங்காளத்தில், அதிலும் பெரும்பகுதி இன்றைய பங்களாதேஷ் மண்ணில். அதை ஸ்கொட்லாந்தின் டண்டீ நகர ஆலைகள் நெய்தன. 1855இல் கல்கத்தாவுக்கு அருகிலும் ஆலை வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சணல் சாக்கு உலகமெங்கும் மலிந்த பிறகுதான் இந்தக் கைவேலை பரவியது. அதன் அகன்ற துளைகளில் கொக்கி இலகுவாக இறங்கியது. கிழக்கு வங்காளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சணல் அறுத்தவர்களில் பெரும்பாலானோர் எங்கள் முஸ்லிம் சகோதரர்கள். அவர்களுக்கும் கடன்காரர் இருந்தார். ஒரு கடன்பட்ட வீட்டின் உழைப்பின் மேல் இன்னொரு கடன்பட்ட வீட்டின் உழைப்பு ஏறியிருக்கிறது.

1892இல் வில்பிரட் கிரென்பெல் என்ற ஆங்கில வைத்தியர் அந்தக் கரைக்குப் போனார். நோயைப் பார்த்தவர், நோய்க்குக் காரணமான வறுமையையும் பார்த்தார். சும்மா தானம் கொடுப்பதை அவர் விரும்பவில்லை. வேலை கொடுக்க நினைத்தார். 1906இல் அமெரிக்காவிலிருந்து ஜெஸ்ஸி லூதர் என்ற கைப்பணி ஆசிரியை செயின்ட் அந்தனி என்ற ஊருக்கு வந்தார். பெண்களுக்கு ஏற்கெனவே கைவந்த வேலையை விற்பனைப் பொருளாக்கும் வழி அப்படித்தான் திறந்தது. நாய்கள் இழுக்கும் பனிவண்டி, வெண்கரடி, கடற்பறவை, பாய்மரப் படகு எல்லாம் கால்மிதியில் சித்திரமாயின. 1920களின் பிற்பகுதியில், கிழிந்த பட்டு ஸ்டொக்கிங்ஸை அனுப்பும்படி வெளிநாட்டுப் பெண்களிடம் கேட்டார்கள். மூட்டை மூட்டையாக வந்தன. அதைச் சாயமிட்டு, மெல்லிய பட்டியாக வெட்டி, ஒரு துளையும் விடாமல் நிரப்பினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் வர்ணம் தீட்டிய படம் போலிருக்கும்.

கூலி எப்போதும் காசாகக் கிடைக்கவில்லை. பல வேளை, தானமாக வந்த உடுப்புகளே கூலியாகின. ஆனாலும் முதலாளியின் கொப்பியில் ஏறாத ஒரு சம்பாத்தியம் பெண்ணின் கைக்கு வந்தது. பிள்ளைக்குக் குளிருக்கு ஒரு கோட் கிடைத்தது. அதைச் சிறிதாக நினைக்க முடியாது. 1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வாங்குவோர் குறைந்தார்கள், வேலையும் குறைந்தது.

இன்று அந்தக் கால்மிதிகள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. ஏலத்தில் பெரிய விலைக்குப் போகின்றன. அவற்றுக்கு “கிரென்பெல் மிதி” என்று பெயர். வைத்தியரின் பெயர் இருக்கிறது, லூதரின் பெயரும் சரித்திரத்தில் இருக்கிறது. குளிரில் குனிந்திருந்து ஒவ்வொரு வளையமாக இழுத்த பெண்களில் பெரும்பாலானோரின் பெயர் இல்லை. அந்த வைத்தியர் நல்லது செய்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் செய்த கையின் பெயரை எழுத ஒரு துண்டுத் துணி போதுமாயிருந்தது.

நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் கையால் உழைத்தவர்களை மட்டும் மறந்துவிடுகிறோம். பன் பாய் இழைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த உம்மம்மாமார் எங்கள் கரையிலும் இருந்தார்கள். அந்தப் பாய்களை “நல்ல பாய்” என்று சொல்கிறோம். யார் இழைத்தது என்று கேட்டால் வாய் திறக்க மாட்டோம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாயோ, தையலோ, பின்னலோ இருந்தால், செய்தவர் பெயரையும் செய்த வருஷத்தையும் ஒரு கடதாசியில் எழுதி அதோடு வையுங்கள். முடிந்தால் இங்கேயும் எழுதுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளை கேட்கும்போது சொல்ல ஒரு பெயராவது இருக்கட்டும்.