மலைக்கும் கடலுக்கும் நடுவே மானகிரி

விழா நாளில் வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள், திருப்பலியும் விருந்தும் முடிந்தபின் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பக்கத்தில் பார்ப்பதற்கு என்னப்பா இருக்கிறது?" நாமும் தவறாமல் செட்டிநாட்டு வீடுகளைக் காட்டி அனுப்பிவிடுகிறோம். தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் பற்றி எழுத ஏராளமானோர் இருக்கின்றனர். வீட்டு வாசலைத் தாண்டி, வானத்தின் கீழே இருப்பவற்றின் வரலாற்றைச் சொல்ல இம்மலரின் சில பக்கங்களைப் பயன்படுத்திக் கொள்வோம்.

நமது ஊருக்கு மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டிக் குன்றுகளும், அவற்றுக்கு அப்பால் பிரான்மலையும் நிற்கின்றன. கிழக்கே தேவகோட்டையைத் தாண்டிச் சென்றால், காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் தொண்டிக் கடல். இடையில் உள்ளது செம்புறாங்கல் பூமி. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு ஒன்றுகூட இங்கே கிடையாது. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு எனப் பெயர்கள் மட்டும் குளிர்ச்சியாக இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால்தான் அவற்றில் நீரைக் காணலாம். மேற்கிலிருந்து கிழக்கே சரியும் இந்த நிலத்தில் நம் முன்னோர் கரை கட்டிக் கண்மாய்களை உண்டாக்கினர். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு நீர் போகும், எஞ்சியது கடலுக்கு. நீரை வழிய விடும் பாறை, அதைத் தேக்கும் கண்மாய், மிச்சத்தை வாங்கிக் கொள்ளும் கடற்கரை என்ற இம்மூன்றுமே நம் பகுதியின் காட்சிகள்.

முதலில் பாறை. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பாண்டியர் காலக் குடைவரைகளைக் கொண்டவை. பிள்ளையார்பட்டியில் ஏறத்தாழ ஆறடி உயரத்தில் இரு கைகளுடன் பாறையிலேயே செதுக்கப்பட்ட பிள்ளையார் உருவத்தைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். குன்றக்குடியின் குன்று மயில் வடிவில் இருப்பதாகச் சொல்வர். மேலே ஏறுவோர் பலர் அடிவாரத்தில் மேற்குப் புறமுள்ள குகைக் கோயில்களைப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். அது பெரிய இழப்பு. மருது சகோதரர்கள் இக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததும் மருதாபுரிக் குளத்தை வெட்டுவித்ததும் மக்கள் நினைவில் நிற்பவை. மருதிருவர் சருகணி மாதா கோயிலுக்குத் தேர் தந்ததையும் நம் பெரியவர்கள் பெருமையுடன் சொல்வதுண்டு.

அவர்களைப் பற்றிப் பேசினால் சிறுவயலுக்குப் போகாமல் இருக்க முடியாது. தை மாதம் மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டுக்காக மட்டுமே பலர் அறிந்துள்ள அவ்வூரில்தான் சின்ன மருதுவின் இருப்பிடம் இருந்தது. 1801 ஜூலை இறுதியில் கர்னல் அக்னியூவின் கும்பினிப்படை அங்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து காளையார்கோயில் வரை அடர்ந்த காடு. காட்டை வெட்டிப் பாதை அமைத்துப் பீரங்கிகளை இழுத்துச் செல்வது வெள்ளையரின் திட்டம். ஏறத்தாழ ஒரு மாதம் வெட்டினர். ஒவ்வொரு நாளும் சிறிது தூரம் முன்னேறுவதும், மறைந்திருந்து தாக்கும் மருதுவின் வீரர்களிடம் ஆட்களை இழப்பதுமாக நாட்கள் கழிந்தன. காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, செப்டம்பர் தொடக்கத்தில் படை அம்முயற்சியைக் கைவிட்டு ஒக்கூருக்குப் பின்வாங்கியது. முள்ளும் மரமுமே அந்நாளில் கோட்டைச் சுவராக நின்றன. பின்னர் பல திசைகளிலிருந்தும் சூழ்ந்து அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோயிலைப் பிடித்தனர். 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அப்படையில் இருந்த வெல்ஷ் என்னும் அதிகாரி, தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக் கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று பிற்காலத்தில் தம் நூலில் எழுதி வைத்தார். அவரை எதிர்த்துப் போரிட்டவரின் வாக்கு இது என்பதைக் கவனிக்க வேண்டும். 1927இல் காந்தியடிகள் இளைஞர் ஜீவானந்தத்தைக் காண வந்ததும் இதே சிறுவயலுக்குத்தான். அந்தப் பெருங்காட்டை மட்டும் இன்று தேடினாலும் காண முடியாது. சாலையின் இருபுறமும் சீமைக் கருவேல்தான் தலைவிரித்து நிற்கிறது.

மேற்கே இன்னும் சென்றால் சிங்கம்புணரிக்கு அருகே பிரான்மலை. ஏறத்தாழ 2,500 அடி உயரமுள்ள இதுவே பாரியின் பறம்பு மலை என்பர். மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழாமலே மூங்கிலரிசியும் பலாவும் கிழங்கும் தேனும் இம்மலை தரும், பட்டினியால் இதை வீழ்த்த இயலாது என்று கபிலர் புறநானூற்றில் எச்சரிக்கிறார். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில் மூன்று நிலைகளாக அமைந்துள்ளது. உச்சியில் இஸ்லாமியப் பெரியவர் ஒருவரின் தர்கா இருக்கிறது. ஏறுவது கடினம். காலையிலேயே தொடங்கிவிடுவது நலம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பார்த்துக் கொள்ளலாம்.

கண்மாயின் அழகைக் காண விரும்புவோர் திருப்பத்தூரிலிருந்து மதுரை செல்லும் வழியில் வேட்டங்குடிக்குச் செல்ல வேண்டும். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 38 எக்டேர் அளவே. ஆயினும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்குள்ள கருவேல மரங்களில் இலை தெரியாதபடி நத்தைகுத்தி நாரையும், மஞ்சள் மூக்கு நாரையும், அரிவாள் மூக்கனும், நீர்க்காகமும், இராக்கொக்கும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இவற்றையெல்லாம் சீமையிலிருந்து வந்தவை என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை நம் நாட்டுப் பறவைகளே. நீர் உள்ள இடம் தேடி வருகின்றன, அவ்வளவுதான். கூட்டிலிருந்து விழும் எச்சம் கண்மாய் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது.

பறவைகளைக் காட்டிலும் வியப்புக்குரியவர்கள் அவ்வூர் மக்கள். குஞ்சுகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு அவர்கள் பட்டாசு வெடிப்பதில்லை. தலைமுறைகளாக இக்கட்டுப்பாடு நிற்கிறது. வனத்துறையினர் ஆண்டுதோறும் இனிப்பு வழங்கிப் பாராட்டுகின்றனர். எனினும் அந்த இனிப்புக்காக அவர்கள் இதைச் செய்யவில்லை. பட்டாசுக்குக் கை நீட்டும் நான்கு வயதுக் குழந்தையிடம் காரணம் சொல்லிப் பார்த்த பெற்றோருக்கு இதன் அருமை புரியும். அங்கும் மழை பொய்த்த ஆண்டுகளில் கண்மாய் வறண்டுவிடுவதும் பறவைகள் வராமற் போவதும் உண்டு. வரத்துக்கால் அடைபட்டால், மழை பெய்த ஆண்டிலும் அதே கதிதான். நம் பக்கத்து ஊருணிகளையும் கண்மாய்களையும் நினைத்துக் கொண்டே இதைப் படிக்க வேண்டுகிறோம்.

இனி நீர் போகும் வழியே கிழக்கு நோக்கிச் செல்வோம். காரைக்குடிக்கு வடக்கே 20 கி.மீ.க்குச் சற்று மேல் திருமயம். பாறை மீது அமைந்த அதன் கோட்டையை 1687இல் எழுப்பியவர் கிழவன் சேதுபதி. அதே பாறையின் தென்புறம் சிவனுக்கும் திருமாலுக்கும் குடைவரைகள் உள்ளன. கோட்டையின் மேலிருந்து நாற்புறமும் பார்த்தால் இந்த நிலத்தின் அமைப்பு முழுதும் விளங்கும்.

திருமயத்தை ஒட்டிப் போகும் பாம்பாறு கிழக்கே சென்று ஓரியூரைத் தொடுகிறது. அவ்வூரின் பெயரைக் கேட்டதுமே நமக்கு வேறு நினைவு எழும். 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர் என்னும் பெயருடன் மறவர் சீமையில் நடந்தே திரிந்தார். 1686இல் பிடிபட்டு வதைக்கப்பட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற ஆணையுடன் அவரை விடுவித்தவர் அதே கிழவன் சேதுபதி. திருமயக் கோட்டை எழுந்த 1687இல் அருளானந்தர் லிஸ்பனில் இருந்தார், அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை, திரும்பி வந்தார். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றதை அடுத்து எழுந்த பகையில், 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூர் ஆற்றங்கரையில் தலை வெட்டுண்டார். 1947 ஜூன் 22இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவ்விடத்துச் செம்மண்ணை மக்கள் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர். திருநாள் கூட்டத்தில் சென்றவர்கள் ஒருமுறை கூட்டமில்லாத நாளில் சென்று, கோயிலோடு அந்த ஆற்றையும் நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். திருமயத்துக் கோட்டையும் ஓரியூர்க் கரையும் ஒரே மன்னர் காலத்தவை என்பது அப்போது மனத்தில் படும்.

அதற்குப் பிறகு கடல்தான். பாக் நீரிணைப் பகுதியில் ஆழம் குறைவு, அலையும் குறைவு. ஆதலால் தண்ணீருக்கடியில் கடற்புல் செழித்து வளர்கிறது. அதை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக, தொண்டிக்கு வடக்கே தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அதுவே.

தொண்டிக்குத் தெற்கே, கோட்டக்கரையாறு கடலில் கலக்கும் இடத்தில் காரங்காடு என்னும் மீனவக் கிராமம் உள்ளது. நம் கத்தோலிக்க மக்கள் வாழும் ஊர். அங்கே அலையாத்திக் காட்டினூடே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகின்றனர். வேர்கள் தண்ணீருக்கு மேலே மூச்சு விடுவதையும், சேற்றில் நண்டுகள் ஓடுவதையும் காணலாம். ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மீன் சாப்பாடும் கிடைக்கும். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் மானகிரி திரும்பிவிடலாம். குழந்தைகளுக்குத் தொப்பியும், எல்லோருக்கும் போதுமான குடிநீரும் எடுத்துச் செல்லவும்.