டான் ஹியோக் நீ

டான் ஹியோக் நீ (1827–1902) ஜொகூரில் காம்பிர், மிளகு வணிகத்தால் செல்வம் சேர்த்தவர். ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்காரின் காலத்தில் 'மேஜர் சைனா' என்ற பதவியை ஏற்று அங்கிருந்த சீனர்களுக்குத் தலைமை தாங்கினார். சிங்கப்பூரில் இவரை டான் யோக் நீ என்று குறிப்பிடுவார்கள்.

சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், தியோச்சூ மக்கள் வாழும் பகுதியில் பிறந்தார். பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தவர் தொடக்கத்தில் துணி மூட்டை சுமந்து வீடு வீடாக விற்றார். தெமெங்கோங் என்ற பட்டத்தோடு ஜொகூரை ஆண்ட குடும்பம் அப்போது சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் குடியிருந்தது. அங்கே வியாபாரத்துக்குப் போய்வந்ததில் இளவரசர் அபு பக்காரின் நட்பு கிடைத்தது. 1862இல் அபு பக்கார் தந்தை இப்ராகிமுக்குப் பின் தெமெங்கோங் ஆனதும் அந்த நட்பின் மதிப்பு பன்மடங்காயிற்று.

அக்கால ஜொகூரின் வருமானம் காம்பிரை நம்பியிருந்தது. வெற்றிலையோடு மெல்லப்படும் இப்பொருளைப் பிரிட்டனின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் விரும்பி வாங்கின. இலையைப் பெரிய கொப்பரைகளில் வேகவைத்துச் சாறெடுக்க வேண்டும். அதற்கு விறகு ஏராளமாகத் தேவை. சாறு எடுத்த சக்கை மிளகுக் கொடிக்கு உரமானதால் இரண்டு பயிரும் சேர்ந்தே வளர்ந்தன. ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் வளம் வற்றிவிடும், சுற்றியுள்ள காடும் அடுப்புக்குள் போய்விடும். சிங்கப்பூரில் இது நடந்தபின் தோட்டக்காரர்களின் பார்வை நீரிணைக்கு அக்கரையில் இருந்த ஜொகூர்மேல் விழுந்தது.

1844 முதல் தெமெங்கோங் இப்ராகிம் 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுப் பத்திரங்களை வழங்கத் தொடங்கினார். ஒரு ஆற்றங்கரையில் தோட்டம் போடும் உரிமையை இப்பத்திரம் தந்தது. அதைப் பெற்றவர் 'காங்சூ', ஆற்றின் தலைவர். காட்டை அழித்து ஆட்களைக் குடியேற்றுவது, வரி திரட்டுவது, அமைதி காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை, பன்றி இறைச்சி விற்பனை ஆகியவையும் அவர் கையில்தான். கூலிக்காரர் வாங்கிய சம்பளத்தில் பெரும்பகுதி காங்சூவின் கடைக்கே திரும்பி வந்தது. சுரண்டல் என்று இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை; ஆனால் ஊர், படகுத்துறை, சந்தை என ஜொகூரின் உட்பகுதி உருவானதும் இம்முறையால்தான். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. சிங்கப்பூரின் சுவா சூ காங், இயோ சூ காங் பெயர்களும் அதே வழியில் வந்தவையே.

பல ஆறுகளுக்குக் காங்சூவாக இருந்த டான் ஹியோக் நீ, 1870இல் மேஜர் சைனா ஆனார். பேராக்கின் லாருட்டில் சீனக் குழுக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜொகூர் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. கீ ஹெங் (ங்கீ ஹெங்) என்ற ஒரே சீனச் சங்கத்துக்கு மட்டும் இடம் கொடுத்து, அதன் தலைவர்களை ஆட்சியோடு பிணைத்துக்கொண்ட அபு பக்காரின் சாமர்த்தியத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அந்தப் பிணைப்பின் முக்கியமான கண்ணி டான் ஹியோக் நீ.

அதே 1870இல் சிங்கப்பூர் வணிகர்களான டான் செங் போ, சியாங் ஹோங் லிம் இருவரோடும் அவர் கூட்டுச் சேர்ந்தார். சிங்கப்பூர், ஜொகூர் ஆகியவற்றின் அபின், சாராயக் குத்தகைகளை மூவரும் ஒன்றாக எடுத்தனர். தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் நடந்த கள்ளுக்கடைக் குத்தகை போன்றதே இதுவும்: அரசுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, விற்பனையின் ஏகபோகத்தைக் குத்தகைதாரர் அனுபவிப்பார். ஜொகூர்க் குத்தகை வேறொருவரிடம் இருந்தால், அங்கிருந்து இரவில் படகேறி வரும் கள்ள அபின் சிங்கப்பூர்க் குத்தகைதாரரை முடக்கிப் போட்டுவிடும். நீரிணை அவ்வளவு குறுகலானது. இரு கரையும் ஒரே கூட்டின் கையில் இருந்தால் அந்தத் தொல்லை தீரும். ஹொக்கியென், தியோச்சூ என்ற இரு சீனச் சமூகங்களின் பகையை ஒதுக்கிவைத்து அவர்களைச் சேர்த்தது இந்தக் கணக்குத்தான். கூட்டு 1879 வரை நீடித்தது.

1870களின் நடுப்பகுதியில் அவர் ஜொகூரை விட்டுச் சிங்கப்பூருக்கு நகர்ந்தார். அங்கே 1885இல் முடிந்த அவரது மாளிகை, ஓடுகளும் சிற்பங்களும் நிறைந்த தியோச்சூ பாணிக் கட்டடம். பிற்காலத்தில் அருகே ரயில்பாதை வந்தது. மாளிகையில் நிலைய அதிகாரி குடியிருந்தார், பிறகு பெண்கள் பள்ளி நடந்தது, 1938 முதல் சால்வேஷன் ஆர்மியின் தலைமையகம் இருந்தது. 1974இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. டான் ஹியோக் நீயோ சொந்த ஊர் திரும்பி, 1902இல் சீனாவில் காலமானார். காங்சூ முறையை ஜொகூர் அரசு 1917இல் சட்டம் போட்டு ஒழித்தது.

ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருவான ஜாலான் டான் ஹியோக் நீ அவர் பெயரைத் தாங்குகிறது. அதை ஒட்டியே ஜாலான் டோபி செல்கிறது. ராஜமாரியம்மன் கோயில் அங்கிருந்து நடந்து போகும் தொலைவுதான்.