டிரசர் அறையும் மருந்துப் பம்பும்

மலேசியாவின் ஜெராம், புக்கிட் ரோத்தான் முதலிய கோல சிலாங்கூர் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் மருத்துவம் என்பது, கிளாங்கில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901இல் வடிகால் வெட்டி மலேரியாவை ஒடுக்கத் தொடங்கிய காலம் முதல், பெரும்பாலும் தொழிலாளியை மீண்டும் வேலைக்கு அனுப்புவதையே குறியாகக் கொண்டிருந்தது. டிரசர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர் காய்ச்சலுக்குக் கொயினா தந்தார். வளரும் மூளைக்கு நேர்ந்த சேதத்தால் கைகால்கள் இறுகிப்போகும் பெருமூளை வாதக் குழந்தைக்குத் தர அவரிடம் மருந்தில்லை. விடியுமுன் பெரட்டு எனப்பட்ட வருகைப் பதிவுக்குச் செல்லும் தாய், அக்குழந்தையை ஆயாக் கொட்டகையிலோ பாட்டியிடமோ விட்டுச் செல்ல, பின்னிக்கொண்ட கால்களை மெல்ல விரித்துத் துணி மாற்றுவது அவர்கள் பாடாயிற்று. அந்த உழைப்பை வரலாறு பதியாதது பெருங்குறை.

இத்தகைய கைகால் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தான பாக்லோஃபென், மாத்திரையாக மிகுந்தால் தூக்கக் கலக்கம் தரும். ஆனால் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் நேரே சேரும்போது மிகச் சிறு அளவே போதும் என்பதை 1984இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பென்னும் ஜெஃப்ரி குரோயினும் காட்டினர். மூளைச் சேதத்தால் வரும் இறுக்கத்துக்கு இம்முறையை அமெரிக்கா 1996இல் ஏற்றது. இதற்காக வயிற்றுத் தோலடியில் பதிக்கும் பம்பில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசிவழி மருந்து நிரப்ப வேண்டும். மின்கலம் தீர்ந்தால் மீண்டும் அறுவை. மருந்து திடீரென நின்றால் கடுங்காய்ச்சலும் வலிப்பும் உயிரையே பறிக்கலாம். ஆகவே தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, ஆயாவும் அக்கம்பக்கமும் கலைந்துவிட்ட குடும்பத்துக்கு, கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனைக்குத் தவறாமல் போய்வர வண்டியும் விடுப்பும் ஆளும் உண்டா என்பதே பம்பு பொருத்துவதைத் தீர்மானிக்கும் முதற்கேள்வியாகிறது.