வைன் போத்தலின் பெயர்ச்சீட்டு: ஒரு வரலாற்று நோக்கு

வைன் அருந்தப் புதிதாகத் தொடங்கும் ஒருவர் கடையிலே எதிர்நோக்கும் முதற் பிரச்சினை தெரிவு பற்றியதாகும். போத்தலைத் திறவாது அதன் சுவையை அறிதல் இயலாது. ஆகவே அவர் பெயர்ச்சீட்டையே நம்பவேண்டியவராகின்றார். அச்சீட்டு அளிக்கும் உறுதி யாது, அது எவ்வாறு உருவாயிற்று என்பவற்றைப் பிரான்சிய வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்மேற்குப் பிரான்சிலுள்ள போர்தோ, இங்கிலாந்துடனான கடல் வர்த்தகத்தால் வளர்ந்த துறைமுகமாகும். சாமுவேல் பீப்ஸ் 1663ஆம் ஆண்டு நாட்குறிப்பில், இலண்டன் மதுச்சாலையொன்றில் தாம் அருந்திய ஓ-பிரியோன் வைனைப் பெயர்சுட்டிக் குறிப்பிட்டுள்ளார். ஒரு தனித் தோட்டத்தின் பெயரே சந்தையில் மதிப்புப் பெறத் தொடங்கியமைக்கு இது சான்றாகும்.

இப்போக்கு 1855இல் ஒழுங்கமைந்த வடிவம் பெற்றது. அவ்வாண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியை முன்னிட்டு, போர்தோ வர்த்தக சங்கம் வைன் தரகர்களிடம் ஒரு தரவரிசையைக் கோரியது. தரகர்கள் செவ்வைன்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தனர். லாபிட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்னும் நான்கும் முதலாம் வகுப்பில் இடம்பெற்றன. அவர்கள் பிரதான அளவுகோலாகக் கொண்டது, நீண்ட காலமாகச் சந்தையில் நிலவிவந்த விலையாகும். 1973இல் மூத்தோன் முதலாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டமை தவிர, அவ்வகுப்பில் வேறு மாற்றம் நிகழவில்லை.

தரகரின் பட்டியல் செல்வந்தத் தோட்டங்களின் பெயரைக் காத்தது. சிறு விவசாயியின் நிலையோ வேறாயிருந்தது. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் நுண்ணிய பூச்சி, முந்திரிகைக் கொடிகளின் வேர்களைத் தாக்கித் தோட்டங்களைப் பாழாக்கியது. அமெரிக்க வேர்த்தண்டுகளில் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டுவதே தீர்வாயிற்று. இடைக்காலத் தட்டுப்பாட்டின்போது உலர்ந்த முந்திரிகை, சீனி, நீர் ஆகியவற்றைக் கொண்டு தயாரித்த போலி வைன் பெருகியது. தோட்டங்கள் மீண்டபின் உற்பத்தி மிகுந்தும் போலி தொடர்ந்தும் விலை வீழ்ச்சியுற்றது. 1905ஆம் ஆண்டுச் சட்டம் உணவுப்பொருள் மோசடியைக் குற்றமாக்கியபோதிலும் நிலைமை சீரடையவில்லை.

இதன் விளைவே 1907ஆம் ஆண்டின் லாங்கடொக் கிளர்ச்சியாகும். மார்செலின் அல்பேர் என்பவரின் தலைமையில் தொடங்கிய இயக்கம், மொன்பெலியே நகரில் இலட்சக்கணக்கானோரை ஒன்றுதிரட்டியது. நார்போன் நகரில் படையினர் சுட்டதிற் பொதுமக்கள் உயிரிழந்தனர். அப்பிரதேசத்து இளைஞர்களைக் கொண்ட 17ஆவது காலாட்படையின் வீரர்கள் கலகஞ்செய்தனர். அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில், வைனில் நீரும் அளவிறந்த சீனியும் கலப்பதற்கு எதிரான சட்டம் நிறைவேறியது. 1935இல் தோற்றுவிக்கப்பட்ட தோற்றிடப் பெயர் முறைமை இப்போராட்டங்களின் நீட்சி எனலாம். ஒரு பிரதேசத்தின் பெயரைப் பயன்படுத்துவதற்கு அதன் எல்லை, கொடி வகை, உச்ச விளைச்சல் ஆகியன வரையறுக்கப்பட்டன.

எனவே பெயர்ச்சீட்டில் இருவகை உறுதிகள் உள்ளன. ஒன்று தரகர் வகுத்த விலைவழி மதிப்பு. மற்றையது விவசாயிகள் போராடிப் பெற்ற தோற்றிட உறுதி. இரண்டும் சுவைக்கு உத்தரவாதமல்ல. 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைப்பரீட்சை இதனைத் தெளிவாக்கியது. பெயர்கள் மறைக்கப்பட்ட நிலையில், பிரான்சிய நடுவர்களின் புள்ளிகளால் செவ்வைன், வெண்வைன் ஆகிய இரண்டிலும் கலிபோர்னிய வைன்களே முதலிடம் பெற்றன.

ஆதலின் புதியவர் முதலில் நோக்கவேண்டியவை விளைந்த இடம், முந்திரிகை வகை, தயாரித்தவர் என்பனவாகும். வகுப்பும் விலையும் பிற்பட்டவை. அவை பிறரது சந்தைக் கணிப்பையே கூறுகின்றன. போத்தலினுள் இருப்பது உண்மையான வைன் என்ற நம்பிக்கையோ சட்டத்தால் மட்டும் கிடைத்ததன்று. 1907இல் தெருவில் இறங்கிய விவசாயிகளுக்கும் அதிற் பங்குண்டு.