முறிந்த நங்கூரக் கம்பிகள்

சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் வளைகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதிக்காக, மூன்று அங்குலத் தடிமனில் உயர்வலு எஃகுக் கம்பிகளைச் செய்தார்கள். நிலநடுக்கத்தில் பாலம் தூணைவிட்டு விலகாமல் காக்கும் தடுப்புகளைத் தூணோடு பிணைத்து நிற்பது அவற்றின் வேலை. மரை வெட்டி, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த 96 கம்பிகள், 2008இல் இ2 என்ற தூணின் தலையில் உள்ள குழாய்களுக்குள் இறங்கின. மேலே பாலத்தளம் வந்துவிட்டால் அவ்வளவு நீளக் கம்பியை இறக்க இடமிராது என்பதால் இந்த முன்னேற்பாடு. அதன்பின் இறுக்குவாரின்றி, காரை ஊற்றி மூடுவாரின்றி ஐந்தாண்டுகள் அங்கேயே கிடந்தன. குழாய்களில் தண்ணீர் தேங்கியது.

துத்தநாகம் தான் கரைந்து எஃகைக் காக்கும், அதற்காகத்தான் பூசுகிறோம். ஆனால் அது கரையும்போது விடும் எலெக்ட்ரான்கள், பூச்சு விட்டுப்போன எஃகுப் பரப்பில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துவிடும். இரண்டிரண்டாகச் சேரும் அணுக்கள் குமிழியாகப் போய்விடும். சேராமல் தனித்து நிற்கும் அணு எஃகுக்குள் புகுந்து, இழுவிசை மிகுந்த மரைப்பள்ளத்தில் போய்ச் சேரும். அங்கே எஃகு நெகிழ்ச்சியை இழந்து கண்ணாடிபோல் விரிசல் விடும். எஃகின் வலு கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். சாதாரணக் கட்டடக் கம்பிக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

ஹைட்ரஜன் எஃகை ஒடியச் செய்யும் என்பது புதிய செய்தியல்ல. வில்லியம் ஜான்சன் 1875இலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருக்கிறார்: அமிலத்தில் சில நிமிடம் ஊறிய கம்பி எளிதில் ஒடிகிறது, ஒடிந்த முகத்தை நனைத்தால் நுரைக்கிறது, சில நாள் விட்டுவைத்தால் பழைய குணம் திரும்புகிறது. எத்தனை கூர்மையான கண்கள்!

2013 மார்ச்சில், தாங்கக்கூடிய உச்ச இழுவிசையில் 70 சதவீதம் வரை கம்பிகளை இறுக்கினார்கள். அன்று எதுவும் நடக்கவில்லை. ஹைட்ரஜன் நகர்ந்து சேர நேரம் வேண்டும் அல்லவா? அடுத்த இரண்டு வாரங்களுக்குள் 32 கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. இத்தனை கடினமான எஃகைத் தேர்ந்ததும், அதைத் தண்ணீரில் கிடக்கவிட்டதும், அப்படியே இறுக்கியதும் சேர்ந்தே முறித்தன என்பேன். மூன்றில் ஒன்றைத் தவிர்த்திருந்தாலும் பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

தலைக்குமேல் பாலத்தளம் நின்றதால், முறிந்தவற்றை உருவி மாற்ற வழியில்லை. மிஞ்சிய 64 கம்பிகளையும் நம்ப முடியவில்லை. அவற்றின் வேலையை ஏற்க, தூணின்மேல் எஃகுச் சேணம் ஒன்றைப் போர்த்தி முறுக்குக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள். செலவு சுமார் 2.5 கோடி டாலர். தற்காலிக முட்டுத்தகடுகளை நம்பி செப்டம்பர் 2 அன்று பாலம் திறக்கப்பட்டது. சேணம் டிசம்பரில்தான் முடிந்தது.