படுக்கையில் இருந்த இரண்டு வேட்பாளர்கள்

1967 தேர்தல் என்றால் இந்தி எதிர்ப்பையும் அரிசித் தட்டுப்பாட்டையும்தான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய வேட்பாளர்கள், ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டிய நேரத்தில், படுக்கையில் கிடந்தார்கள். ஒருவர் ஜெயித்தார், மற்றவர் தோற்றார். அதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

முதலாமவர் எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாபுரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. பரங்கிமலைத் தொகுதியின் தி.மு.க. வேட்பாளர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தேர்தலுக்கோ ஒரு மாதம்தான் இருக்கிறது. கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? கழுத்தில் கட்டோடு படுக்கையில் இருக்கும் படத்தைச் சுவரொட்டியாக அச்சடித்து மாநிலம் முழுக்க ஒட்டிவிட்டார்கள். நூறு கூட்டம் செய்யாத வேலையை அந்த ஒரு படம் செய்தது. பரங்கிமலையில் இருபத்தேழாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம்.

இரண்டாமவர் காமராஜர். அப்போது அவர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். முந்தைய இரண்டு தேர்தல்களிலும் சாத்தூரில் நின்றவர், இந்த முறை சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். எதிரே பெ. சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்த இளைஞர். பிரசார சமயத்தில் விபத்தில் அடிபட்டுக் காமராஜர் படுக்க வேண்டியதாயிற்று. கவலையோடு விசாரித்தவர்களிடம், படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் சொல்வார்கள். தைரியம் சொல்லச் சொன்ன வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும். கேட்டவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அடிபட்ட மனிதர் என்று இரக்கப்பட வேண்டியவர்கள், நம் ஓட்டு இவருக்குக் கணக்கில் இல்லை போலிருக்கிறதே என்று நினைத்தார்கள். தோற்றது 1285 ஓட்டில்.

நான் அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே சற்று முன்புதான் இதே போன்ற ஒரு கதையை வாத்தியார் விளக்கியிருந்தார். 1965 டிசம்பரில் பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல். தெ கோல், என்னை விட்டால் யார் என்ற நினைப்பில், முதல் சுற்றில் தொலைக்காட்சியில் தமக்கென்று ஒதுக்கிய நேரத்தைக்கூடச் சரியாகப் பயன்படுத்தவில்லை. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் அங்கே முதல் சுற்றிலேயே வெற்றி. அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 44 சொச்சம். மித்தெரானோடு இரண்டாம் சுற்றுக்கு நிற்க வேண்டியதாயிற்று, 'பலொத்தாஜ்' என்பார்கள். கிழவர் உடனே இறங்கி வந்தார். மூன்று நாள் தொடர்ந்து தொலைக்காட்சியில் ஒரு பத்திரிகையாளரின் கேள்விகளுக்குச் சாவகாசமாகப் பதில் சொல்லி, நூற்றுக்கு 55 வாங்கினார். நம் தேர்தலில் அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. விருதுநகரில் இருந்திருந்தால் காமராஜர் என்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

படத்தின் பாடத்தை எம்.ஜி.ஆர். கட்சி மறக்கவில்லை. 1984-இல் அவர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் நின்றபோது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே பேச்சு எழுந்தது. அவரைப் படம் பிடித்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பேச்சு அடங்கியது.

சுரண்டையில் எங்கள் தாத்தாவுக்குக் காமராஜர் என்றால் உயிர். முடிவு ரேடியோவில் வந்த அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று ஆச்சி சொல்லுவாள். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மார்ஷல் நேசமணி மறைவால் வந்த நாகர்கோவில் பார்லிமென்ட் இடைத்தேர்தல் 1969 ஜனவரியில். காமராஜர் அங்கே நின்று லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். பிரசாரத்தின்போது தாத்தா பஸ் ஏறிப் போய் ஒரு கூட்டம் கேட்டுவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று ஆச்சி கேட்டாளாம். தாத்தாவுக்குப் பேச்சொன்றும் நினைவில்லை.

"நின்னுக்கிட்டேதான் பேசினாரு" என்றாராம்.