ரயரின் காற்றைக் காவல் செய்த வரலாறு

பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராய் விளங்கிய ஜோன் பொய்ட் டன்லப், 1888ஆம் ஆண்டில் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்கொத்லாந்தினரான ரொபேட் வில்லியம் தொம்சன் 1845ஆம் ஆண்டிலேயே இக்கருத்தைப் பதிவு செய்திருந்தாராயினும், உலகம் அதனை அன்று கைக்கொள்ளவில்லை. டன்லப்பின் பின்னரே மனிதன் காற்றின்மீது பயணஞ் செய்யலானான். அக்காற்றோ கண்ணுக்குப் புலப்படாதது. அது குறைவதும் எளிதிற் புலப்படுவதில்லை.

காற்றமுக்கம் குறைந்த ரயர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக வளைகின்றது. வளைவினால் வெப்பம் பெருகுகின்றது; வெப்பம் மிகுந்தால் ரயரின் படைகள் பிரிந்துவிடலாம். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ஷே 959 என்னும் காரில் காற்றமுக்கத்தைக் கண்காணிக்கும் அமைப்பு இடம்பெற்றது. எனினும், அது நெடுங்காலம் செல்வந்தரின் வசதியாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியது பெருந்துயரொன்றாகும். 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில், ஐக்கிய அமெரிக்காவில் பயர்ஸ்ரோன் நிறுவனத்தின் 65 இலட்சம் ரயர்கள் மீளப்பெறப்பட்டன. அவற்றுட் பல போர்ட் எக்ஸ்புளோறர் வண்டிகளிற் பூட்டப்பட்டவை. அவ்விபத்துக்களில் 271 பேர் மாண்டனரென அரசாங்கம் கணக்கிட்டது. ரயரின் குறைபாடும் காற்றமுக்கக் குறைவும் காரணங்களாக விவாதிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், எச்சரிக்கை அமைப்பைக் கட்டாயமாக்குமாறு பணித்தது.

2002ஆம் ஆண்டில் வெளியான முதல் விதி, ஒரு ரயரின் குறைவை மாத்திரம் அறியும் மலிவான முறைக்கும் இடமளித்தது. பொதுநல அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2003இல் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. 2005ஆம் ஆண்டின் புதிய விதிப்படி, நான்கு ரயர்களுள் எத்தனையிலேனும் அமுக்கம் நூற்றுக்கு 25 வீதம் குறைந்தால் விளக்கு எரிதல் வேண்டும்.

அவ்விளக்கின் மொழியை அறிதல் அவசியம். அது தொடர்ந்து எரியின், ரயர் குளிர்ந்திருக்கும் வேளையில் அமுக்கத்தை அளந்து காற்றை நிரப்புதல் வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடம் மினுங்கிய பின் நிலைத்து எரியின், பழுது அமைப்பிலேயே உள்ளது. பெரும்பாலும் சில்லினுள் இருக்கும் உணரியின் மின்கலம் சில ஆண்டுகளில் ஓய்ந்திருக்கும். அது உணரியோடு சேர்த்து அடைக்கப்பட்டிருப்பதால், வழக்கமாக உணரியையே மாற்றிப் புதியதன் அடையாள எண்ணை வண்டியின் கணினிக்கு அறிவித்தல் வேண்டும்.

நேயர்களே, விளக்கு எரியாமை யாவும் நலமென்பதற்குச் சான்றன்று. நூற்றுக்கு 20 வீதம் குறைந்த ரயரைப்பற்றி அது மௌனமாகவே இருக்கலாம். ஆதலின், மாதமொருமுறை அளவுகருவியைக் கையில் எடுப்பவரே பாதுகாப்பாகப் பயணஞ் செய்பவராவர்.